சமையலறைச் சான்று

1967-இல் சென்னைக் கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன். ஸ்பெயின்காரன் ஆரஞ்சுப் பழத்தை ‘நரன்ஹா’ என்கிறான். அது அவனுக்கு அரபியிலிருந்து வந்தது, அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, பாரசீகத்துக்கு வடமொழியிலிருந்து. வடமொழிக்கு? எங்கள் கொல்லையிலிருந்து! நம் நாரத்தங்காய்தான் ஐயா, அத்தனை தூரம் போயிருக்கிறது. பதினாறு பக்கம் எழுதினேன். கடைசியில், ‘இச்சொல் இன்றும் எம் மக்கள் நாவில் வாழ்கிறது, ஐயமுள்ளோர் காரைக்குடியில் என் வீட்டுச் சமையலறைக்கு வருக’ என்று முழங்கி, ‘புலவர் நாராயணன்’ என்று கையெழுத்தும் போட்டேன். திமிர்தான். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இலக்கணம் கத்தியவனுக்கு ஒரே ஒரு மேடை வேண்டியிருந்தது.

ஐயமுள்ளவர் வந்தேவிட்டார். கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் உபகாரசாமி, குறிப்பேடும் கையுமாக. “நீங்க சொன்னாச் செல்லாது புலவரே, படிச்ச வாய். வீட்டுல சொல்லட்டும்” என்று இலைக்கு முன் உட்கார்ந்தார்.

என் மனைவி பிச்சையம்மாள் தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் வைத்தாள்.

“இது என்ன ஊறுகாய்மா?” என்றார் அவர்.

“உப்புல ஊறினதுங்க.”

“காய்க்கு என்ன பேரு?”

“எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி இருக்கும்ங்க. இன்னுங் கொஞ்சம் வைக்கவா?”

“பேரும்மா, பேரு!”

முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினேன். “அவுக பேருல வர்ற காயிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அட கடவுளே! புருஷன் பெயரை மட்டுமா, அதை ஒட்டிய எந்தச் சொல்லையும் அவள் வாயால் சொல்ல மாட்டாள். பதினெட்டு வருஷமாக அந்த ஊறுகாயைத் தின்கிறேன். அவள் அதன் பெயரைச் சொன்னதே இல்லை என்பது இந்தச் சொல்லாராய்ச்சிக்காரனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பேராசிரியர் குறிப்பேட்டை மூடினார். “ஸ்பெயின்காரன் சொல்றான், உங்க வீட்டுலதான் சொல்லலை” என்று சிரித்து, கட்டுரையை என் கையிலேயே கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாக் குடியா முழுகிப்போயிருக்கும்?” என்று கத்தினேன்.

“சொன்னா உங்க ஆயுசு கொறையும்னு எங்க ஆத்தா சொல்லியிருக்கு. போன மாசம் நெஞ்சு வலின்னு படுத்தீகளே, மறந்துபோச்சா?” அவள் கண் கலங்கியிருந்தது. “கட்டுரை போனாப் போகுது. நீங்க இருக்கணும்ல?”

பதினாறு பக்கத்தையும் மடித்து ஓரமாக வைத்தேன். இலையில் உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டு, பேர் சொல்லாத அந்த ஊறுகாயில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.