நானூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் வெர்லா

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் காரின் பேட்டரி. ஏப்ரல் மாதத்துப் பனியில் அது செத்துப்போனது. இழுத்துப்போக வண்டி வரும்வரை ஒதுங்கலாம் என்று எதிரிலிருந்த மாநில சட்டமன்றத்துக்குள் நுழைந்தேன். பார்வையாளர் மாடத்தில் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

கீழே செனட் சபையில் ஒரு பெண்மணி எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு நாற்காலிகளில் நான்கில்தான் ஆள். ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் சூரியகாந்தி விதை கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. பெண்மணியோ தன் எதிரில் ஆயிரம் பேர் இருப்பதுபோல், ஒவ்வொரு கமாவுக்கும் நின்று படித்தார்.

யாரும் கேட்காததை ஒருவர் ஏன் இவ்வளவு நன்றாகப் படிக்க வேண்டும்? வண்டி வந்து போனது. கேள்வி போகவில்லை.

(மாநிலத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.)

2

முதல் தொடக்கம்:

"வெர்லா ஹாகனின் தம்பி மரணப் படுக்கையில்—"

அடித்துவிட்டேன். அடிக்க வைத்தவர் பக்கத்து வீட்டு கர்ட். டிராக்டர் பழுது பார்ப்பவர், பரம்பரைக் குடியரசுக் கட்சி. நான் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவன். இருவரும் ஒரே பனியைத்தான் வாருகிறோம். வாரும்போது கதையைச் சொன்னேன்: தம்பிக்குச் சிகிச்சை கிடைக்க என் கட்சியின் காப்பீட்டு மசோதா நிறைவேற வேண்டும், அதைச் சபையில் படிப்பவர் அவன் அக்கா வெர்லா.

"தம்பிக்கு என்ன வியாதி?" என்றார்.

"புற்றுநோய்."

"அடப்பாவி! சீட்டுக்கட்டைக் கலைக்கும்போதே ஒரு சீட்டை ஒளிச்சு வச்சுட்டியே. உன் கட்சி மசோதா ஜெயிக்கறதுக்கு ஒருத்தனைக் கொல்லணுமா?"

"சரி, சிறுநீரகம்?"

"இன்னும் இறங்கு."

"சர்க்கரை?"

"அது எங்க பார்த்தாலும் வருது. இறங்குய்யா."

"இடுப்பு மூட்டுத் தேய்மானம்?"

கர்ட் மண்வெட்டியில் சாய்ந்து யோசித்தார். "ம். இடுப்பு எல்லாக் கட்சியிலயும் இருக்கு. எழுது."

3

ஆகவே, வெர்லாவின் தம்பி ஆரினுக்கு இடுப்பு. வயது ஐம்பத்திரண்டு. அக்டோபரில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டுவான். குளிர்காலத்தில் சாலைப் பனி தள்ளுவான். வசந்தத்தில் யாராவது கூப்பிட்டால் வேலி போடுவான். எந்த முதலாளியும் அவனுக்கு மருத்துவக் காப்பீடு தந்ததில்லை. போன அறுவடையில் லாரியிலிருந்து இறங்க அவனுக்கு இரண்டு கையும் ஒரு கெட்ட வார்த்தையும் தேவைப்பட்டன. இந்த அக்டோபருக்குள் அறுவை சிகிச்சை ஆகாவிட்டால் லாரியில் ஏறவே முடியாது.

குறைந்த கூலிக்காரர்களுக்கு மாநிலமே காப்பீடு தரும் மசோதா ஒன்பது மாதமாகச் சபையில் கிடந்தது. ஜனநாயகக் கட்சி கொண்டுவந்தது. குடியரசுக் கட்சி எதிர்த்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் ஓட்டெடுப்பு நடக்காவிட்டால் இனி இரண்டு வருடம் கழித்துத்தான்.

வழக்கமாக மசோதாவின் தலைப்பை மட்டும் படிப்பார்கள். மீதியைப் படித்ததாக எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். யாராவது ஒரே ஒரு உறுப்பினர் ஒப்புக்கொள்ளாவிட்டால், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை சபையில் படித்தாக வேண்டும். குடியரசுக் கட்சி செனட்டர் ஹார்லன் ட்வீட் ஒப்புக்கொள்ளவில்லை. நானூற்று அறுபது பக்கம். வியாழன் காலை தொடங்கியது. படிப்பவர் வெர்லா. இருபத்தாறு வருடமாக சபையின் வாசிப்பாளர். எந்தக் கட்சி என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

வெள்ளி காலை, அவர் சமையலறை மேஜையில், ஆரின் கேரமல் ரோல் என்ற இனிப்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் படியேன்."

"எப்பவும் படிக்கற மாதிரிதான் படிப்பேன். நாலரைக்கு முடிஞ்சிடும்."

"நடுவுல இருமல் வந்தா? கூடப் பொறந்தவனுக்காக ஒரு பத்து பக்கம் ஓட்டக் கூடாதா?"

"உனக்காக ஒரு பக்கம் ஓட்டுனா, இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் பொய்னு ஆயிடும்."

"நீ எந்தக் கட்சின்னாவது சொல்லு. செத்தா கல்லறையில எழுதணும்ல?"

"வாயில ரோலை வச்சுக்கிட்டுப் பேசாதே."

4

இங்கே ட்வீட்டை வில்லனாக எழுதினேன். கன்னத்தில் தழும்புகூட வைத்தேன். கர்ட் படித்துவிட்டு, "ஹார்லன் எங்க சர்ச்சுல மேஜை துடைக்கறவரு" என்றார். தழும்பை எடுத்துவிட்டேன். ஆனால் காரணமில்லாமல் ஒரு மனிதன் நானூற்று அறுபது பக்கம் படிக்கச் சொல்வானா? காரணத்தைத் தேடினேன். கிடைத்தது, எனக்குப் பிடிக்காத அளவுக்கு நல்ல காரணம்.

வெள்ளி காலை ட்வீட் வாசிப்பு மேடைக்கு வந்து ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"தொண்டைக்குத் தேன் மிட்டாய், வெர்லா. என் மேல கோவமா?"

"எனக்குக் கோவப்பட அனுமதி இல்ல, செனட்டர்."

"எட்டு வருஷம் முன்ன இதே மாதிரி ஒரு காப்பீடு குடுத்தோம். மூணாம் வருஷம் நிறுத்திட்டோம். எங்க ஊர்ல ஒரு பொம்பளை காப்பீட்டு அட்டையை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. செல்லாதுன்னுட்டாங்க. அந்த அட்டையைக் கொண்டாந்து என் மேஜைல வச்சா, ஒரு வார்த்தை திட்டல. குடுத்துட்டுப் பிடுங்கறதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்."

மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் டெல்ஃபின் ரோர்க் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "என்ன ஹார்லன், வாசிப்பாளருக்கு லஞ்சமா?"

"மிட்டாய்தாம்மா. நீங்களும் எடுத்துக்குங்க. ஒன்பது மாசமாக் கத்துறீங்க."

"எதிர்க்கறீங்களே, மசோதாவை முழுசாப் படிச்சீங்களா?"

"நீங்க?"

இருவரும் ஆளுக்கொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்கள்.*

* யாரும் படிக்கவில்லை. மசோதாவின் முதல் பாதி இந்த ஊரில் எழுதியது. பின்பாதி வேறொரு மாநிலத்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அந்த மாநிலத்தில் பீட்ரூட் வயல்கள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

5

மாலை மூன்று மணி. வெர்லா நானூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்குத் திருப்பினார். சபையில் மூன்றே பேர். தலைமை நாற்காலியில் அரைத் தூக்கத்தில் ஒருவர். ரோர்க் போனில் ஓட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ட்வீட் விதை கொறித்தார்.

"ஒரே முதலாளியிடம் ஆண்டில் நூற்றிருபது நாட்களுக்குக் குறைவாகப் பணிபுரியும் எவரும் இச்சட்டத்தின்படி பணியாளர் ஆகார்."

குரல் தன் வேகத்தில் வரியைக் கடந்தது. வெர்லாவால் கடக்க முடியவில்லை. அறுவடை ஆறு வாரம். பனி தள்ளுவது மூன்று மாதத்துக்கும் குறைவு. வேலிக்குக் கணக்கே இல்லை. ஆரின் பணியாளர் இல்லை.

திருத்தம் கொண்டுவந்தால் மசோதாவை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். நேரம் கிடையாது, மசோதா செத்துவிடும். அதனால் பயன்பெறவிருக்கும் நாற்பதாயிரம் பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. ட்வீட் மனம் வைத்து, "மறுபடி படிக்க வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் திருத்தவும் செய்யலாம், நிறைவேற்றவும் செய்யலாம். வாசிப்பாளருக்கோ கருத்துச் சொல்ல உரிமை இல்லை. ஒன்றே ஒன்று உண்டு. வரி தவறிவிட்டால், மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

"மன்னிக்கணும். வரி தவறிடுச்சு" என்றார் வெர்லா.

இருபத்தாறு வருடத்தில் அவருக்கு வரி தவறியதே இல்லை. அதே வாக்கியத்தை மீண்டும் படித்தார். கொஞ்சம் மெதுவாக.

6

இனிமேல்தான் எனக்குக் கஷ்டம்.

முதல் முடிவு: ட்வீட் தலை நிமிர்கிறார். கோப்பையைக் கீழே வைக்கிறார். "அப்போ எங்க ஊர் லாரிக்காரன் எல்லாம் யாரு?" என்று எழுந்து, மறுவாசிப்பு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறார். ஆனாலும் எதிர்த்தே ஓட்டுப் போடுகிறார். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறுகிறது.

கர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதான்யா கதை. இதையே போடு." அவருக்கு இவ்வளவு பிடித்ததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதே ட்வீட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மசோதாவைக் கொன்றிருக்கவும் கூடாதா? கர்ட்டிடம் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது முடிவு: ரோர்க் தலை நிமிர்கிறார். கேட்டுவிட்டார். வெர்லாவைப் பார்க்கிறார். நாற்பதாயிரம் பேரை நினைக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு போனைப் பார்க்கக் குனிந்து—

இதை முடிக்கவில்லை. எழுதிய வரைக்கும் கிழித்து, பழைய மின்சார ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். கர்ட்டிடம் காட்டவில்லை. என் கட்சி ஆள் கேட்டும் கேட்காததுபோல் இருப்பதை என் கையாலேயே எழுத முடியவில்லை. தழும்பு வரைய மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது!

(மாடத்திலிருந்து நான் பார்த்த நிஜ வெர்லாவையே கேட்டுவிடலாம் என்று, சர்ச் விருந்தில் அவர் அருகே போய் உட்கார்ந்தேன். "மசோதா என்ன ஆச்சுன்னு பேப்பர்ல வந்திருக்கே. அதுல இல்லாத எதைக் கேக்கறீங்க?" என்றார். அந்த வரியைக் கேட்டு யாராவது தலை நிமிர்ந்தார்களா என்றேன். "அதுல இல்லாதது என்கிட்டயும் இல்ல. உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுங்க." நான் இன்னும் பேப்பரைத் தேடிப் பார்க்கவில்லை.)

7

மிஞ்சியது மூன்றாவது பிரதி. இதில் யாரும் தலை நிமிரவில்லை.

விதை உடைகிற சத்தம். போனில் விரல் நகர்கிறது. மணி மூன்று ஐந்து. வெர்லாவின் விரல் அந்த வரியின் கீழேயே இருக்கிறது. ஒருமுறை திரும்பப் படித்தால் தடுமாற்றம். இரண்டாவது முறையும் திரும்பினால் அதற்குப் பெயர் தடுமாற்றம் அல்ல, கட்சி. அடுத்த பக்கத்துக்குப் போனால் நாற்பதாயிரம் பேர் உள்ளே, தம்பி வெளியே. திரும்பப் படித்தால் எல்லோரும் உள்ளே வரலாம், எல்லோரும் வெளியேயும் நிற்கலாம். ஒரு மிட்டாயைப் பிரித்தார், வாயில் போடாமல் வைத்தார். தண்ணீர் குடித்தார். மூச்சை இழுத்தார்.

இதற்கு மேல் நான் எழுதினால் அது என் கட்சியின் முடிவாக இருக்கும். கர்ட் எழுதினால் அவர் கட்சியின் முடிவு. ஆகவே நீங்கள் மேடைக்கு வாருங்கள். இரண்டு பக்கங்களும் விரித்தபடி இருக்கின்றன. இடது பக்கம் நானூற்றுப் பதினெட்டு, வலது பக்கம் நானூற்றுப் பத்தொன்பது. அடுத்த வரியை நீங்கள் படியுங்கள்.

மனத்துக்குள் வேண்டாம். சத்தமாக.