மூன்றாவது பேஸில் ஒருவன்

வெண்டல் என் அண்ணன். வயது ஐம்பத்தொன்று, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். அவனை பேஸ்பாலில் தோற்கடிப்பதைவிட எனக்கு உலகத்தில் பெரிய சந்தோஷம் கிடையாது. நான் ரொம்ப நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தபோது எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

நாங்கள் ஆடுவது மைதானத்தில் இல்லை, டிவியில். 1988இல் ஒரு கோடை முழுக்கச் சோளக்காட்டில் செடிகளின் உச்சிப் பூவை ஒடித்த கூலியில் வெண்டல் ஒரு சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டியும் பேஸ்பால் கேசட்டும் வாங்கி வந்தான். கேசட்டை ஊதி ஊதிப் போட்டால்தான் படம் வரும். ஊதுவது என் வேலை. எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பதினாலு. பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்தன. ஆட்டக்காரர்களுக்கு மூக்கு முளைத்தது, சட்டையில் மடிப்பு விழுந்தது. அவித்த உருளைக்கிழங்குக்கு மீசை வரைந்த மாதிரி முகங்கள் வந்த வருஷம் நாங்கள் சிரித்து மாளவில்லை. எதையும் வெண்டல் தூக்கிப் போட்டதில்லை. பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அவன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, பழசிலிருந்து புதுசு வரை நாலு பெட்டிகளில் வரிசையாக ஆடுவோம். அவன் விவாகரத்தும் என் பிரசவமும்கூட இதை நிறுத்தியதில்லை.

அன்று என் மகள் டெஸ்ஸையும் கூட்டிப் போயிருந்தேன். ஒன்பது வயது. தினமும் காலை ஏழு பத்துக்கு மாமாவின் பேருந்தில் முதல் ஆளாக ஏறுகிறவள். அந்த மஞ்சள் பேருந்து அவன் வாசலில்தான் நிற்கும். ஓட்டுநர் உட்காரும் இடது பக்கத்தில், பின்னால் பார்க்கும் கண்ணாடி உடைந்து, டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

“என்னண்ணா ஆச்சு இதுக்கு?”

“எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான். கண்ணு தெரியாத பய.”

டெஸ் நாயோடு விளையாட மேலேயே நின்றுவிட்டாள். நாங்கள் கீழே போனோம். நான் கேசட்டை ஊதிப் போட்டேன். அந்தப் பழைய டிங்டிங் இசை வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் மூன்று பேஸ்களைச் சுற்றி ஓடி, மட்டை பிடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். திரையில் முதல் பேஸ் வலது ஓரம், மூன்றாவது பேஸ் இடது ஓரம். எந்தப் பெட்டியிலும் இது மாறாது. நான் மூன்றாவது பேஸில் இருந்த என் ஆளை, வெண்டல் பந்து எறிவதற்கு முன்னாலேயே ஓடவிட்டேன். சுத்தத் திருட்டு. முப்பத்தேழு வருஷமாக இதைச் செய்கிறேன். முப்பத்தேழு வருஷமாக அவனும் அலட்சியமாகப் பந்தைத் திருப்பி எறிந்து என்னை அவுட் ஆக்கிவிட்டு, “புத்தி வரவே வராதா, வாயாடி நெல்டா?” என்பான்.

அன்று ஒன்றும் செய்யவில்லை. என் ஆள் நடந்து போகாத குறையாக வந்து சேர்ந்தான். மறுபடி செய்தேன். மறுபடியும் ரன்.

“தூங்குறியாண்ணா?”

“பட்டன் சரியில்ல. நீ திருடி ஜெயிக்கிறவதான, பேசாம ஆடு.”

தட்டில் இரண்டு கொலாச்சி பலகாரம் வைத்துக் கொடுத்தேன். வலது பக்கம் இருந்த பழம் வைத்ததை ஒரே வாயில் முடித்துவிட்டு, “கசகசா வச்சது கொண்டு வரலியா? கஞ்சப் பிசினாறி” என்றான். கசகசா வைத்தது தட்டின் இடது பக்கத்தில் அப்படியே இருந்தது. என்னை ஓட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

இரண்டாவது பெட்டி. அதே கதை. மூன்றாவது, அந்த உருளைக்கிழங்கு முகங்கள். இடது பக்கமாக நான் எறிந்த பந்துகளில் ஒன்றுக்குக்கூட அவன் மட்டையை வீசவில்லை. வழக்கமாக நான் ஜெயித்தால் எழுந்து ஆடுவேன். அன்று ஆட்டம் வரவில்லை. பத்து வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிய பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?

நாலாவது புதுசு. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். என் ஆள் மூன்றாவது பேஸில் நின்றான். அவனைப் பாதி தூரம் ஓடவிட்டேன், திரும்பக் கூட்டிப்போனேன். மறுபடி பாதி தூரம். ஒரு சின்னப் பிள்ளைகூட அவுட் ஆக்காமல் விட்டுவைக்காது.

“அண்ணா, பேஸ்ல என் ஆளுங்க எத்தனை பேரு?” என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“ஒருத்தரும் இல்ல. ஏன், கணக்கு மறந்துபோச்சா?” நெற்றியைத் தேய்த்தான். “சீக்கிரம் ஆடு. ரெண்டு வாரமா தலைவலி உயிரை எடுக்குது.”

எங்கள் அம்மாவும் ஒரு நாள் தலைவலி என்றுதான் படுத்தாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள்.

அப்போது டெஸ் காலுறையோடு சத்தமில்லாமல் படியிறங்கி வந்தாள். வெண்டலுக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவே இல்லை. என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னான்:

“டெஸ் கீழ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அவ பிறந்த நாளுக்கு நிஜ பேஸ்பால் கையுறை வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன். வாயைத் தொறந்த, கொன்னுடுவேன்.”

டெஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம். எனக்கு உயிரே போய்விட்டது. விடிந்தால் திங்கள். ஏழு பத்துக்கு இவள் அவன் பேருந்தில் ஏறுவாள். பின்னாலேயே நாற்பது பிள்ளைகள். எங்கள் ஊர்ச் சாலையில் வண்டிகள் வலது ஓரமாகப் போகும்; எதிரே வருகிற வண்டியெல்லாம் அவனுக்கு இடது பக்கம்தான் வரும்.

“அண்ணா, பஸ் சாவியைக் குடு.”

“எதுக்கு?”

“உனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்தது. “ஒரு ஆட்டம் ஜெயிச்சதுக்கு என்ன பேச்சு பேசற! பத்தொம்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன்டி. இத வெளிய சொன்னின்னா என் லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல? அந்த பஸ்ஸ விட்டா எனக்கு என்ன இருக்கு?”

“தெரியும்ணா. எல்லாம் தெரியும். டெஸ் எங்க?”

“பேச்ச மாத்தாத.”

“டெஸ் எங்க, சொல்லு.”

“மேல. நாயோட.”

“மாமா, நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள் டெஸ்.

அவன் உடம்பு தூக்கிப் போட்டது. தலையை முழுக்கத் திருப்பி அவளைப் பார்த்தான். நேரே டிவியைப் பார்த்தான். மெதுவாக மறுபடி திருப்பினான். கையிலிருந்த பட்டன் பலகை நழுவி விழுந்தது.

“எப்படா வந்த?”

“கையுறைக்கு முன்னாடியே. தேங்க்ஸ் மாமா.”

டிவியில் கூட்டம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. பிறகு வெண்டல் அவளிடம் கேட்டான். அப்படி ஒரு குரலை நான் அவனிடம் கேட்டதே இல்லை.

“கண்ணு, வெள்ளிக்கிழமை ரயில் பாதைகிட்ட நான் பஸ்ஸ நிறுத்தினேன்ல? கதவத் தொறந்து ரயில் சத்தம் வருதான்னு கேட்டேன்ல?”

“நிறுத்தினீங்க. அப்புறம் ரயில் வந்துட்டே இருக்கறப்பவே படக்குன்னு போயிட்டீங்க. நம்ம பின்னாடியே அது போச்சு. எல்லாரும் கத்தினோம். அப்புறம் கைதட்டினோம்.”

“கைதட்டினீங்களா?”

“நீங்க அவ்ளோ வேகமா போனதே இல்லையே.”

வெண்டல் என்னைப் பார்த்தான். “ரயில் ஊதற சத்தம் கேட்டுச்சு, நெல்டா. ரெண்டு பக்கமும் பார்த்தேன். சத்தியமா பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. எங்கயோ தூரத்துலன்னு நினைச்சு...” முகத்தை மூடிக்கொண்டான். டெஸ் மிரண்டுபோய் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவள் என்னிடம் அன்று என்ன நடந்தது என்று சொல்ல வந்தாள். நான் போனில் பேசிக்கொண்டே “அப்புறம் சொல்லு” என்றிருந்தேன்.

அவனே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். என் கை அவன் கண்ணில் படுகிற இடத்துக்கு நான் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன். பள்ளி அலுவலருக்குப் போன் பண்ணி, நாளைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னான். “ஒடம்பு சரியில்லையா?” என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “பயமா இருக்குங்க,” என்றான் வெண்டல்.

ஆஸ்பத்திரி நாற்பது மைல். டெஸ்ஸைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என் காரில் கிளம்பினோம். வழியில் அதே ரயில் பாதை வந்தது. தடுப்புக் கட்டையும் கிடையாது, விளக்கும் கிடையாது. பாதை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. நான் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்தேன்.

“இடது பக்கம் பார்த்தியா?” என்றான்.

“பார்த்தேன்ணா. ஒண்ணும் இல்ல.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்,” என்றான் வெண்டல். “இன்னொரு தடவை பாரு.”

நான் கதவைத் திறந்து காரிலிருந்து இறங்கி நின்று பார்த்தேன்.