மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

1

இந்தக் கதை ஒரு சிவப்புப் பட்டையிலிருந்து வந்தது. கணினித் திரையின் மேல் விளிம்பில் ஓடிய பட்டை அது. அதில் இப்படி எழுதியிருந்தது: 'இந்த ஜன்னல் வேறொருவர் பெயரில் பூட்டப்பட்டுள்ளது. திருத்த வேண்டுமானால் அவரிடம் அனுமதி கேட்கவும்.'

அந்த வேறொருவர் அவளுடைய கணவர். அவர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பட்டையின் ஓரத்தில் 'அனுமதி கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவள் அதை அமுக்கினாள். 'கோரிக்கை அனுப்பப்பட்டது' என்று வந்தது.

இப்படித் தொடங்கினால் எல்லாம் முதல் பத்தியிலேயே தீர்ந்துவிடுகிறது. நீங்கள் ஒரு 'உச்' கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு அது போதாது. இன்னொரு தொடக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

2

கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் ஒரு தடவை கட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மாடல் என்று பெயர். சுவருக்கு என்ன கனம், கண்ணாடிக்கு எத்தனை அடுக்கு, எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். மின்சாரத்தை அதிகம் தின்னாத கட்டடம் வேண்டுமென்றால் மாடலிலேயே கணக்குப் போட்டுக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரைத் திருப்பி வைக்க முடியாது.

[இந்தப் பத்தி பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும். இது தெரியாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.]

ஒரே மாடலில் மூன்று பேர் வேலை செய்தார்கள். கணவர் வடிவமைப்பாளர். அவருடைய தம்பி தூணும் உத்தரமும் பார்க்கிற பொறியாளர். அவளுக்கு வெப்பக் கணக்கு. மூவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஒரே போர்வையை இழுப்பதுபோல் வேலை நடக்கும். இழுத்துக் கிழித்துவிடாமல் இருக்கத்தான் பூட்டு. யார் ஒரு பொருளில் கை வைக்கிறாரோ, அவர் விடுகிறவரை அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும்.

அவர் ஒரு ஜன்னலை அகலமாக்குவார். அவளுடைய கணக்கு எகிறும். "வந்துட்டா வெயில் போலீஸ்" என்பார் அடுத்த அறையிலிருந்து. பத்து வருடக் குடித்தனத்தில் பாதிச் சண்டை இந்த வகைதான்.

மருத்துவமனைக்கு நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி. இருபது அறை, மாடியில் ஒரு பொதுக்கூடம். அவர்கள் மூவரும் சேர்ந்து செய்த கடைசி மாடல் அதுதான்.

3

சதுர மீட்டருக்கு வருடத்துக்கு முப்பது யூனிட் மின்சாரம் என்பது வரம்பு. நடுவில் இரண்டு மாதம் அவள் கணக்கே போடவில்லை. அவர் இறந்த பத்தொன்பதாம் நாள் போட்டபோது முப்பத்தொன்று புள்ளி நான்கு வந்தது. தேடிப் பார்த்தாள். தெற்குச் சுவரில் மறைப்புக்குள் பத்திரமாக இருந்த கூடத்துப் பெரிய ஜன்னல் மேற்குச் சுவரில் நின்றிருந்தது. பிற்பகல் வெயில் முழுதும் அதில்தான் அடிக்கும்.

கொழுந்தன் தொலைபேசியில் வந்தான்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை மாடலை மூடுறாங்க. அப்புறம் ஒரு ஆணியைக்கூட நகத்த முடியாது."

"தெரியும்."

"பழையபடி தெற்குல வெச்சுட்டா இருபத்தொம்பதரைக்கு வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை."

"உங்கண்ணன் ஏன் அங்க வெச்சார்னு தெரியாம எப்படிக் கை வைக்கிறது?"

"அவன் எல்லாத்தையும் காரணத்தோடதான் செஞ்சானா? உங்க வீட்டுக் குளியலறைக் கதவை நெனச்சுப் பாருங்க. திறந்தா நேரா வாஷ்பேசின்ல போய் இடிக்குது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அவன்மேல் கோபம் வந்தது.

"சரி, எடுக்க மனசில்லன்னா சொல்லுங்க" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "கூரையில இன்னொரு அடுக்கு வெப்பத்தடுப்பு போடலாம். பாரம் ஏறும், நாலு உத்தரத்த மாத்தணும், நான் பாத்துக்கறேன். வெளியில நிழல் பலகை வெச்சா இருபத்தொம்பது புள்ளி ஒம்போது. தட்டுத்தடுமாறி உள்ள வந்துடுவோம். ஆனா அவன் வேணும்னுதான் வெச்சான்னா மட்டும்."

பிறகு அவனே கேட்டான்.

"மாத்தின தேதி பாத்தேன். மத்தியானம் மூணு நாப்பதுன்னு இருக்கு. அன்னிக்கு அவன் ஆஸ்பத்திரியிலல்ல இருந்தான்?"

"அங்கேருந்துதான் செஞ்சார்" என்றாள் அவள்.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகை உண்டல்லவா?

முதல் காரணம்: மேற்கே ஜன்னல் வைத்தால், காத்திருக்கிறவர்களுக்குத் தங்கள் ஆள் படுத்திருக்கிற கட்டடம் தெரியும். எழுதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனையின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்கே தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: திசை குழம்பிவிட்டார். வரைபடத் தாளில் அடங்குவதற்காகக் கட்டடத்தைத் திருப்பி வரைவதுண்டு. அப்போது தாளின் மேல்பக்கம் வடக்காக இருக்காது. புதிதாக வந்தவர்கள் அதில் ஏமாறுவார்கள். அவர் ஏமாறமாட்டார். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: சாகப்போகிற மனிதருக்கு அந்திவெயில் பிடித்து

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அவருக்கு வெயிலே ஆகாது. தலைவலி வரும்.]

5

'அவள்' என்று எழுதினால்தான் கை ஓடுகிறது. அது நான்தான் என்று இரண்டாம் பத்தியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்தது அதுவல்ல.

அன்று மூன்று நாற்பதுக்கு அவருடைய மடிக்கணினி கட்டிலின் சாப்பாட்டுப் பலகைமேல் இருந்தது. மாடல் அவர் பெயரில் திறந்திருந்தது. சுட்டியைப் பிடித்திருந்தது அவள். அவருடைய விரல்கள் அதன்மேல் சரியாக மடங்கவில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல அவள் செய்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கூடத்து ஜன்னலை எடு. கதவுப் பக்கமா கொண்டு வா."

"இவ்ளோ போதுமா?"

"இரு, இரு. குடு நான் பண்றேன்."

அவர் தன் கையை அவள் கையின்மேல் வைத்தார். மாடலில் ஒரு ஜன்னலைத் தூக்கினால், சுட்டி எந்தச் சுவரின்மேல் நிற்கிறதோ அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கதவு கூடத்தின் மூலையில் இருந்தது. தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் அங்கேதான் சேர்கின்றன. கை நகர்ந்தது. அவர் தள்ளினாரா, கை கனத்துச் சரிந்ததா, அவள்தான் நர்ஸ் வருகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது இழுத்துவிட்டாளா?

தெரியவில்லை. இதை நூறு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் ஒவ்வொரு மாதிரி நகர்கிறது.

நர்ஸ் சொட்டு மருந்துப் பை மாற்ற வந்தாள். சுட்டியைப் பிடித்திருந்தவள் திரையைச் சரியாகப் பார்க்காமலே சேமித்து, பூட்டை விடாமலே மூடி வைத்தாள். அவர் சிரித்தார். [மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு அவர் எதற்கும் சிரிப்பார்.]

6

மாடலுக்கு ஒரு காவலாளி உண்டு. யாருக்கு எந்த அனுமதி என்பது அந்த அம்மாள் கையில். எல்லோருக்கும் அவர் சாவிக்காரம்மா. வியாழக்கிழமை காலை அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"பூட்டுப் போட்டவர் லீவுல இருந்தா கூப்பிட்டுக் கேக்கச் சொல்வேன்" என்றார் அவர். "இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியலம்மா. ஜன்னல் இருந்தாலும் போனாலும் பூட்டைத் திறந்தாகணும், இல்லன்னா மாடலை மூட முடியாது. நான் திறந்துவிடறேன். ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டா ஏத்துக்காது."

"என்னன்னு போடறது?"

"ரெண்டே ரெண்டுதான் வரும். 'பிழை' ஒண்ணு, 'வடிவமைப்பாளரின் முடிவு' ஒண்ணு. எதைப் போட்டாலும் அவர் பேருக்குக் கீழதான் பதிவாகும். கடைசிப் பதிவு."

"நான் செஞ்ச பிழைன்னு போட முடியாதா?"

"நீங்க அந்த நேரத்துல மாடல்லயே இல்லையேம்மா."

7

முடிவுகள்.

ஒன்று. 'பிழை' என்று போடுகிறாள். ஜன்னல் தெற்கே போகிறது. கணக்கு இருபத்தொன்பதரை. விடுதி குளுமையாக இருக்கும். அவர் கடைசியாகச் செய்த வேலையை அவளே தவறென்று எழுதியிருப்பாள்.

இரண்டு. 'முடிவு' என்று போடுகிறாள். கொழுந்தன் நாலு உத்தரத்தை மாற்றுகிறான், கூரை கனக்கிறது, நிழல் பலகை ஏறுகிறது. ஒரு கையின் நடுக்கத்துக்காக ஒரு கட்டடத்தையே வளைக்கிறார்கள். நடுக்கமாக இருந்தால்.

மூன்றாவது முடிவை எழுத உட்கார்ந்தேன். அதில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அரைப் பக்கம் ஓடியது, நன்றாகவே வந்தது. வந்ததெல்லாம் பொய். கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். கட்டம் திறந்திருக்கிறது. மறுமுனையில் கொழுந்தன் இரண்டு மாடலையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

"அண்ணி, எதுன்னு சொல்லுங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் அமுக்கறேன்."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு அவன் இருந்திருக்கணும்னு தோணுது" என்றான்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. உங்களுக்கு வெப்பக் கணக்கும் தெரியும், கைகள் இருந்த விதமும் தெரியும். எனக்குத் தெரிந்ததில் எதையும் மறைத்து வைக்கவில்லை. இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், யாராவது கேட்டால், அவர் அப்படித்தான் விரும்பினார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூட இருந்தவள் நான். எனக்கே தெரியாது.