ஏட்டுச் சுரைக்காயும் கூசாவும்

எகிப்தில், மன்சூராவில் ஒரு கல்லூரியில் பல வருடமாக நான் அரசு நிர்வாகம் என்ற பாடத்தை நடத்துகிறேன். நல்ல அலுவலகத்துக்கு நாற்காலி உண்டு, முகம் கிடையாது. அதில் யார் உட்கார்ந்தாலும், எதிரே யார் வந்து நின்றாலும் விதி ஒன்றுதான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு போய்ப் பரீட்சையில் அப்படியே கக்குவார்கள். பிறகு அவர்களில் பாதிப்பேர் அரசாங்க வேலையில் சேர்ந்து, வருகிறவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் பேனாவைத் திறப்பார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் நடத்தினேன். நடத்த நடத்த எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் கோளாறு.

என் மனைவி இன்ஸாஃப் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். அவள் பெயருக்கு நீதி என்று பொருள். வீட்டில் இருக்கிற நீதிக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கித் தர வக்கில்லை, இவர் நாட்டுக்கு நீதி சொல்லப் போகிறார் என்பாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று கேலி செய்து, கடைசியில் ‘டாக்டரே’ என்பதே நிலைத்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் அவளுடைய இருதய வால்வு கெட்டுப்போனது. முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு சும்மா படுத்தாலே வாங்கியது. கெய்ரோவுக்குக் கொண்டுபோய் அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். வாத்தியார் சம்பளத்தில் ஆகிற காரியமில்லை. அரசாங்கச் செலவில் செய்ய ஆணை வாங்க வேண்டும். ஆணை வந்தால் அவள் பிழைப்பாள், வராவிட்டால் இல்லை.

ஆணை தரும் அலுவலகத்தின் மேலாளர் அறையில் தஹானி உட்கார்ந்திருந்தாள். என் பழைய மாணவி. முகமில்லாத நாற்காலி பற்றி அவள் எழுதிய பதிலை நான் மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தேநீர் வரவழைத்தாள், இன்ஸாஃபின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். பிறகு விண்ணப்பத்தை வாங்கி எல்லோருக்கும் போல வரிசை எண் போட்டு, வெளியே காத்திருக்கச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சரியான மடையன் நான்.

நடைக்கூடத்தில் என் பக்கத்தில் முத்வல்லி ஹாஜியார் என்ற கிராமத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். அண்ணனின் சிறுநீரகத்துக்காக வந்தவர். எனக்கு வெகுநேரம் பின்னால் வந்த அவர் யாருக்கோ போன் போட்டார். தேநீர் ஆறுவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். ஆணையோடு வெளியே வந்தவர் என்னிடம் குனிந்து, “கூசா” என்று கண்ணடித்தார்.

கூசா என்றால் சுரைக்காய்க்குத் தம்பி மாதிரி ஒரு பிஞ்சுக்காய். உள்ளே அரிசி அடைத்துச் சமைப்போம். அந்தக் காலத்தில் நகர வாசலில் வியாபாரிகள் எல்லோரும் காத்துக் கிடக்க, கூசாக்காரனை மட்டும் காய் வாடிவிடும் என்று முதலில் விடுவார்களாம். மற்றவர்கள் வயிறெரிந்து “கூசா, கூசா” என்று முணுமுணுப்பார்களாம். இன்றைக்கு வரிசையைத் தாண்டிப் போகிற எல்லாச் சிபாரிசுக்கும் எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

ஹாஜியார் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். உள்ளே யாரையும் தெரியாதா என்று கேட்டார். மேலாளரே என் மாணவிதான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்புறம் ஏன் உஸ்தாத் இங்க உக்காந்திருக்கீங்க? காத்து வாங்கவா?”

பதிலாக நாற்காலியைப் பற்றி ஏதோ சொன்னேன். மனுஷர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

என் கோப்பு திரும்பி வந்தது. இன்ஸாஃபின் அப்பா பெயர் லுத்ஃபி. அரபியில் எழுதும்போது அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி வைக்க வேண்டும். எகிப்தில் எவன் வைக்கிறான்? சோம்பலோ பழக்கமோ, விட்டுவிடுவோம். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் புள்ளி இல்லை, மருத்துவமனைக் காகிதத்தில் இருந்தது. விதிப்படி இரண்டும் ஒரே ஆள் இல்லை. தஹானி தலையைக் குனிந்துகொண்டு விளக்கினாள். நான் அவளைத் தேற்றி, நீ செய்வதுதான் சரி என்று பாராட்டிவிட்டு வந்தேன். புள்ளி வைக்கப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தேன். அங்கே புள்ளி கிடைப்பதற்குள் மருத்துவமனைக் காகிதம் காலாவதியாகிவிட்டது. புதுக் காகிதம் வாங்கிக்கொண்டு போய் மறுபடி வரிசையின் வாலில் உட்கார்ந்தேன்.

இன்ஸாஃபுக்குக் கால் வீங்கிவிட்டது. தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே தூங்கினாள். தஹானி என்னிடம் படித்தவள்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டாள். வரிசையில் எனக்கு முன்னால் இருப்பவனுக்கும் இருதயம் இருக்கிறது என்றேன்.

“உங்களுக்கு முன்னாடி எவன் இருக்கான்? எல்லாரும் தாண்டிப் போயாச்சு. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாது டாக்டரே, கறிக்குக் கூசாதான் வேணும்.” மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி சொன்னாள்: “காய் வாடுதுன்னுதானே கதவத் தொறந்தாங்க. நான் வாடலையா?”

மறுநாள் காலை, கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மானமாவது மண்ணாவது. தஹானியின் அறைக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து நின்று, மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். சொல்லுங்கள் டாக்டர் என்றாள். அந்தக் கண்களில் பழைய வகுப்பறை மரியாதை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டேன். வரிசை எப்படிப் போகிறது என்று கேட்டேன். விதிப்படிதான் போகிறது டாக்டர் என்றாள். இன்னும் ஏதோ நான் சொல்லப்போவதுபோல நின்றுகொண்டே இருந்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஊர் தொழுகையில் இருந்த நேரத்தில் இன்ஸாஃப் போய்விட்டாள். ஆணை அப்போதும் வரவில்லை.

துக்க வீட்டுக்கு தஹானி கறுப்பு உடுத்தி வந்தாள். பெண்கள் இருந்த அறைக்குப் போகாமல், என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சர்க்கரை போடாத துக்கக் காப்பி கையிலேயே இருந்தது, குடிக்கவில்லை.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே டாக்டர். தெனமும் நீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“நான் கேட்டாத்தானாம்மா? நீயா செஞ்சிருக்கக் கூடாதா?”

“உங்க முன்னாடியா?” என்றாள். “நானும் எல்லாரயும் மாதிரிதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அந்தப் புள்ளி இருக்கே, வர்ற கோப்புல அது இல்லேன்னா நானே பேனாவால வச்சிடுவேன். யாரு எவருன்னு பாக்க மாட்டேன், எல்லாருக்கும் வைப்பேன். உங்களுக்கு மட்டும் பயந்து வைக்கல. அந்த நாற்காலில நான் உக்காந்ததுலேருந்து சட்டப்படி போன கோப்பு உங்களோடது ஒண்ணுதான் டாக்டர்.”

அவள் அழுதாள். நான் தேற்றுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிச்சுப் போடி” என்றேன். இத்தனை வருடத்தில் எந்த மாணவியையும் நான் அப்படிச் சொன்னதில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும்போல மரியாதையாகத் தலை குனிந்து, எழுந்து போனாள்.