ஏற்றத்தில் ஒரு கேட்

விபத்து நடந்து ஐம்பத்து மூன்றாம் நாள் நாலாம் நம்பர் வண்டி திரும்பி வந்தது. முன்சக்கரம் புதிது, ஹேண்டில் புதிது, விளக்கு புதிது. பின்னால் மூட்டை ஏற்றும் தட்டு மட்டும் பழசு. அதன் இடது ஓரத்தில் மெக்கானிக்கின் மனைவி ஒட்டியிருந்த மஞ்சள் பூ ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். இருந்தது.

"புதுசு மாதிரியே பண்ணிட்டாங்க இல்ல?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"நாளைக்குக் காலையில டிரைவருங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு அரை மணி நேரம் வகுப்பு எடுத்துடுங்க. வண்டியை எப்படிப் பத்திரமா ஓட்டணும், எப்படிப் பராமரிக்கணும்னு. பதினோரு பாயின்ட் இருக்கு இதுல. வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிடுங்க."

"நானா சார்?"

"இங்க படிச்சவர் நீங்கதானே." மேனேஜர் ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "கஷ்டமாத்தான் இருக்கும். என்ன பண்றது. அப்புறம், நாளையிலேர்ந்து இந்த வண்டியை உங்க மச்சினிச்சி ஓட்டட்டும். அந்தம்மாவோட ஆறாம் நம்பர்ல பேட்டரி நிக்கல."

மச்சினிச்சி என்று அவர் சொன்னது மனைவியின் அக்காவை. மேனேஜருக்கு உறவுமுறை எல்லாம் ஒன்றுதான்.

அது ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மலைமலையாக வந்து இறங்கும். துவைக்கும் கூடம் கீழே, உலர்த்தும் கூடம் மேலே. நடுவில் ஒரு சிமெண்டுச் சரிவு. ஏழு மூன்று சக்கர பேட்டரி வண்டிகள் அந்தச் சரிவில் நாள் முழுக்க ஈரத்தை மேலே ஏற்றும், உலர்ந்ததைக் கீழே இறக்கும். எறும்புகூடத் தோற்றுப்போகும்.

சரிவின் நடுவில் ஒரு இரும்புக் கேட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தெருநாய் மேலே ஏறிப் போய், ஆஸ்பத்திரி விரிப்பின் மேல் சுகமாகப் படுத்துத் தூங்கிவிட்டது. மறுவாரமே கேட் வந்தது. நாய் அப்புறம் வரவேயில்லை. கேட் நின்றுவிட்டது.

வண்டி வரும், கேட்டுக்கு முன்னால் நிற்கும், காவலாளி கூண்டிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து திறப்பார். அதுவரை பத்து ஈர மூட்டையோடு ஏற்றத்தில் பிரேக்கைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல். இந்த வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். அதற்கென்றே பிரேக் பிடியிலிருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு ஒரு மெல்லிய வெள்ளை ஒயர் போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்றத்தில் பிரேக்கை விட்ட பிறகுதான் மோட்டார் இழுக்கும். விட்டதும் வண்டி பின்னால் உருளும். பார்க்கிங் பிரேக் இருந்தால் அதைப் போட்டுச் சமாளிக்கலாம். அதன் கேபிள்கள் ஏழு வண்டியிலும் அறுந்து ஒரு வருஷமாகிறது. மெக்கானிக் மூன்று முறை எழுதிக் கொடுத்தான். "வரும்" என்றார்கள்.

கேபிள் வரவில்லை. நாலாம் நம்பரை ஓட்டிய அவன் மனைவிதான் வந்தாள், ஒரு மத்தியானம், வியர்த்து விறுவிறுத்து.

"இன்னைக்கு நாலு தடவை பின்னால உருண்டேன். பின்னாடி வந்த ரேடியோ 'ஐயோ அம்மா'ன்னு கத்துறான். ஏதாவது பண்ணுங்களேன்."

ரேடியோ என்பது ரெண்டாம் நம்பர் டிரைவர். வாயை மூடமாட்டான்.

மெக்கானிக் சீட்டைத் தூக்கினான். யோசித்தான். வெள்ளை ஒயரைக் குறட்டால் வெட்டி, இரு முனையிலும் கறுப்பு டேப் சுற்றினான். இரண்டு நிமிஷம். இப்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரைத் திருகலாம். மோட்டார் இழுக்க ஆரம்பித்ததும் பிரேக்கை விடலாம். வண்டி ஒரு அங்குலம் பின்னால் போகாது. அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"சும்மா சொல்லக்கூடாது. படிச்ச புருஷன் கிடைச்சதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்."

சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு டிரைவர்களும் வரிசையில் நின்றார்கள். ஆறு ஒயரையும் வெட்டினான். அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

விபத்து நடந்த அன்று மேலே உலர்த்தும் மெஷின் நின்றுபோனது. ஏறிய ஈர மூட்டைகளை அப்படியே கீழே கொண்டு போகச் சொன்னார் மேனேஜர். தூறல். அவள் பத்து மூட்டையோடு இறங்கினாள். கேட்டுக்காக நின்றாள். கேட்டை ஒட்டி ஒரு குறுக்கு வாய்க்கால் இருக்கிறது. சக்கரம் அதில் இறங்கி ஏற ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு திருக வேண்டும். திருகினாள். திருகிய இடத்திலேயே அது சிக்கிக்கொண்டது. பிரேக்கைப் பிடித்தாள். பிரேக் பின்னால் இழுக்க, மோட்டார் முன்னால் தள்ள, ஈரப் பாரம் மோட்டார் பக்கம் சேர்ந்துகொண்டது. கீழே கொதிகலன் அறையின் சுவர்.

அவன்தான் முதலில் ஓடினான். அவளைத் தூக்கியபோது பின்சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. சாவியைத் திருப்பி நிறுத்தினான்.

ஃபைலோடு இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். மூட்டைகளை எடை போட்டார்கள். 'பத்து மூட்டை' என்றுதான் விதி. ஈரமா உலர்ந்ததா என்று விதியில் இல்லை. உலர்ந்த மூட்டைகளைவிட எடை ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. "வண்டி நல்ல நிலைமையில இருந்ததா?" என்று கேட்டார்கள். "இருந்தது" என்றான். சீட்டை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. 'அளவுக்கு மீறிய பாரம், ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

அந்த வரியை மனைவியின் அக்கா நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பட்டறை வாசலில் வந்து உட்காருவாள். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் செத்துப்போன தங்கையைத் திட்டுவாள்.

"பாவி. ரெண்டு மூட்டை கம்மியா வெச்சா உலகம் முழுகிடுமா? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் தம்பி. ஒரே நடையில எல்லாத்தையும் தூக்கிடணும். இப்ப உங்களை இப்படி உக்கார வெச்சிட்டுப் போயிட்டாளே."

அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவளுக்கு விக்கினால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான்.

இப்போது அவள்தான் நாலாம் நம்பரை ஓட்டப் போகிறாள்.

மேனேஜர் போன பிறகு அவன் நாலாம் நம்பரின் சீட்டைத் தூக்கினான். அதைச் சரி செய்தவர்கள் முன்பக்கத்தைத்தான் மாற்றியிருந்தார்கள். அவன் சுற்றிய கறுப்பு டேப் அவன் சுற்றியபடியே இருந்தது. சீட்டை மூடினான். வேலை முடிந்து மற்ற ஆறு வண்டிகளும் சார்ஜ் போட வந்து நின்றன. ஒவ்வொன்றாகச் சீட்டைத் தூக்கி, ஒயரை உரித்து, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினான். ஆக்ஸிலேட்டர்களைப் பிரித்து ஸ்பிரிங்கில் இருந்த துருவைத் துடைத்தான். ஆறு வண்டிக்கும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலாம் நம்பரை மட்டும் தொடவில்லை.

காலையில் வகுப்பு. டிரைவர்கள் கவிழ்த்துப்போட்ட கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் நம்பரின் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தான். சக்கரங்கள் தரையில் படவில்லை.

"ஒண்ணு. வண்டியில பாரம் ஏத்தும்போதும் இறக்கும்போதும் சாவியை அணைக்கவும். ரெண்டு. ஈரக்கையோட சார்ஜரைத் தொடக்கூடாது."

"சலவைக்கூடத்துல காய்ஞ்ச கைக்கு எங்க போறது?" என்றான் ரேடியோ. சிரித்தார்கள்.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. டயர் காற்று, பிரேக் கட்டை, செயின் எண்ணெய், பேட்டரித் தண்ணீர்.

"ஏழு. ஏற்றத்துல நின்னு கிளம்பும்போது பார்க்கிங் பிரேக்கைப் பயன்படுத்தவும்."

"எந்த பார்க்கிங் பிரேக்கு? போன வருஷம் செத்துப்போச்சே அதுவா?"

சொல்லிவிட்டு ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மெக்கானிக் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"அக்கா, இதுல ஏறி உக்காருங்க."

மனைவியின் அக்கா வந்து நாலாம் நம்பரில் உட்கார்ந்தாள். அந்தப் பூ ஸ்டிக்கரைத் தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"ஆக்ஸிலேட்டரைத் திருகுங்க. அப்படியே வெச்சுக்குங்க. இப்ப பிரேக்."

அவள் பிடித்தாள். சக்கரங்கள் வேகம் குறைந்தன, நிற்கவில்லை. மோட்டார் உறுமியது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உறுமல் கூடியது.

"விடுங்க. ஒரு நிமிஷம் இறங்குங்க."

சீட்டைத் தூக்கினான். டேப்பை உரித்து இரண்டு முனைகளையும் முறுக்கினான்.

"இப்ப மறுபடி."

திருகினாள். சக்கரங்கள் சுற்றின. பிரேக்கில் விரல் பட்டதுதான் தாமதம், மோட்டார் அடங்கிவிட்டது. சக்கரங்கள் டக்கென்று நின்றன. துவைக்கும் கூடத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு இந்த ஒயரு?"

"இல்ல. வெட்டியிருந்தது."

"இருந்திருந்தா?"

"மோட்டார் நின்னிருக்கும். ஈரப் பாரம்தான். ஆனா பிரேக் பிடிச்சிருக்கும்."

"யாரு வெட்டினது?"

மற்ற ஐந்து பேருக்கும் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும், அவள் வண்டியிலும் அவன்தான் வெட்டினான். ஆனாலும் கேட்டாள்.

"நான்."

"இத்தனை நாளா அவளைத் திட்டிக்கிட்டு இருக்கேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தே."

அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமா."

"தண்ணி எடுத்துக் குடுத்தே."

"ஆமா."

அவள் இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அவன் தாளை எடுத்தான். பதினோராவது பாயின்டுக்குக் கீழே எழுதினான்: 'நாலாம் நம்பர் வண்டியின் பிரேக் ஒயரை வெட்டியது நான். ஓட்டுநர் விதிப்படி பத்து மூட்டைதான் ஏற்றினார்.' கையெழுத்துப் போட்டு, ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் கொடுத்தான்.

மேனேஜர் இரண்டு முறை வாசித்தார்.

"இதை இப்ப எதுக்கு எழுதுறீங்க? ரிப்போர்ட் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"அது தப்பான ரிப்போர்ட் சார்."

"மனசு சரியில்லாம இருக்கீங்க. ரெண்டு நாள் லீவு போடுங்க." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கையெழுத்துக்கு வேற காப்பி எடுத்துக்கலாம்."

அதற்குள் வெளியே கூச்சல். ரேடியோ முதல் ஈரச் சுமையோடு மேலே போயிருந்தான். கேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி மூன்றடி பின்னால் உருண்டு, அடுத்து வந்த வண்டியின் முகத்தில் இடித்துவிட்டது.

"யோவ் மெக்கானிக்கு! நல்லா இருந்த வண்டியை இப்படிப் பண்ணி வெச்சிருக்கியே! வெட்டிவிடுய்யா அதை!"

"வெட்ட மாட்டேன்."

"அப்ப நீ வந்து தள்ளு! தினம் இருபது நடை தள்ளு!"

மேனேஜரும் வந்து சேர்ந்தார்.

"கேட்டைத் திறந்தே வெச்சா யாரும் நிக்க வேண்டாம் சார்" என்றான் மெக்கானிக்.

"அது எப்படி? கேட்டு பாதுகாப்புக்குத்தானே போட்டிருக்கு. மேலேயிருந்து உத்தரவு. நீங்க முதல்ல வண்டிங்களைப் பழையபடி பண்ணிக் குடுங்க. சுமை தேங்குது பாருங்க." சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

பழையபடி.

மெக்கானிக் பட்டறைக்குப் போனான். பெரிய ஸ்பானர் ஒன்று, சின்னது ஒன்று, எண்ணெய்க் குப்பி. மூன்றையும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினான். கேட்டின் மேல் கீலில் ஒரு நட்டு, கீழ்க் கீலில் ஒரு நட்டு. இரண்டிலும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தான்.

"தம்பி, சார் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் காவலாளி. செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்திருந்தார்.

"வகுப்பு இன்னும் முடியலைன்னு சொல்லுங்க. பன்னிரண்டாவது பாயின்ட்."

மேல் நட்டு கழன்றது. கீழ் நட்டு அடம்பிடித்தது. ஸ்பானரின் மேல் ஏறி நின்றான். கிரீச்சென்று அதுவும் இறங்கி வந்தது. கேட்டைத் தூக்கிப் பார்த்தான். அசைந்தது; வரவில்லை. டிரைவர்கள் சரிவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரேடியோகூட வாயை மூடியிருந்தான். கை வைத்தால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மனைவியின் அக்கா ஏறி வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மறுமுனையைப் பிடித்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"ம்."

தூக்கினார்கள். கேட் முளையிலிருந்து கழன்றது. பக்கவாட்டில் நடந்து, புல்லில் கிடத்தினார்கள். அவள் கையில் துரு ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

அவர் கூண்டுக்குள் எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம் இருக்கும்மா."

அவள் புல்லில் கிடந்த கேட்டைப் பார்த்தாள்.

"இது மூணு வருஷமா இங்கதான் நின்னுச்சு?"

"ஆமா" என்றான் மெக்கானிக்.

"உன் ஸ்பானரு?"

"பட்டறையிலதான் இருந்தது."

அவள் தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி ஆட்டினாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

அவன் இரண்டு நட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நின்றான். நாளைக்கு இந்தக் கேட்டை வெல்டிங் வைத்துத் திரும்ப மாட்டுவார்கள். மாட்டுகிறவன் அவனாக இருக்கமாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழே நாலாம் நம்பரைக் கட்டையிலிருந்து இறக்கினார்கள். அவள் ஒரு டிரைவரை ஒயரின் மேல் டேப் சுற்றச் சொல்லி, சுற்றுவதைக் கூடவே நின்று பார்த்தாள். பிறகு மூட்டைகளை எண்ணி ஏற்றினாள். ஈர மூட்டை, ஆறு. ஏழாவதைத் தூக்கி வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

வண்டி சரிவில் ஏறியது. மோட்டார் ஒரே சீராக முனகியது. வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. பூ ஸ்டிக்கர் அவன் இடுப்பை உரசுகிற தூரத்தில் வந்தது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அவனைக் கடக்கும்போதும்.