ஒரே எண், இரண்டு பட்டை

எங்கள் பிரசவ வார்டில் எனக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே எவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் காரம் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை, அதில் எட்டு வருஷம் தலைமை நர்ஸ்.

எங்களிடம் பிரசவத்துக்கு வரும் தாய்க்கு ஒரே எண் போட்ட இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் ஒதுக்குவோம். ஒன்று அவள் கையில், மற்றது பிள்ளையின் காலில். பிழைக்காது என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளைக்கு மட்டும் பட்டை கிடையாது, அதன் பட்டையைத் தனியே வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் குட்டிப் பட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டினேன். மரமண்டை!

அப்புறம் என் தங்கச்சி உண்டானாள், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளைக்குச் சிறுநீரகம் இரண்டும் இல்லை, நுரையீரலும் வளராது என்று தெரிந்தது. பிறந்தாலும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். இருக்கிற இரண்டு வழியையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். நான்தான் முந்திக்கொண்டேன்.

“இப்பவே முடிச்சிடலாம்டி. இன்னும் நாலு மாசம் சுமந்து, பெத்து, அடக்கம் பண்றதுக்கா? எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா?”

“நீ பாத்ததெல்லாம் கேஸு, அக்கா. இது என் பிள்ளை.”

“கர்த்தர் மேல பாரத்தப் போட்டுட்டு உக்காந்தா ஆச்சா?”

“மனுஷன் தேவசாயல்னு ஞாயிறு பள்ளியில நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த? ரெண்டு சிறுநீரகமும் இருந்தாத்தான் சாயல்னு அப்போ சொல்லவே இல்லையே!”

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வார்டில் பெரிய டாக்டருக்கே வாய் கொடுக்கிறவள் நான்! ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் வெட்கத்தை விட்டு நானே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். “சரி, பெத்துக்கோ. ஆனா என் வார்டுலதான் பெக்கணும்,” என்றேன். “வேற எங்க போவேனாம்?” என்று காபி போட எழுந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிறந்தாள். பெண். அழவில்லை, ஆனால் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் என் புத்தி தலைகீழாகப் புரண்டது. முடித்துவிடலாம் என்று சொன்ன அதே வாய், “குழாய் போடுங்க டாக்டர், என்ன பாத்துட்டு நிக்கிறீங்க!” என்று குழந்தை டாக்டரிடம் கத்தியது.

“போடலாம் சிஸ்டர். ஆனா நுரையீரல்ல காத்துக்கு இடமே இல்ல. அவளுக்கு வலிதான் மிஞ்சும்,” என்றார் அவர்.

“குழாய் வேண்டாம். குடுங்க இங்க,” என்றாள் தங்கச்சி. என்னைப் பார்த்தாள். “முடிச்சிடவும் மாட்டேன்னேன், இழுத்துப் பிடிக்கவும் மாட்டேன்க்கா. அது ரெண்டும் என் கையில இல்ல. தூக்கி வெச்சுக்கிறது மட்டும்தான் என் வேலை.”

துண்டில் சுற்றி அவள் நெஞ்சில் படுக்க வைத்தேன். பிள்ளையின் காலைத் தடவினேன், வெறுமையாக இருந்தது.

“பட்டை எங்க?”

“வெட்டிப் போட்டுட்டேன் மேடம்,” என்றாள் பத்து வருஷமாக என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ். “நம்ம ரூல்தானே?”

சுவரில் என் கையெழுத்து என்னைப் பார்த்து இளித்தது. குப்பைக் கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தேன். பஞ்சு, உறைகள், ரத்தத் துணி. அடியில் கிடந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிள்ளைக் கணுக்காலுக்கு அது தொளதொளவென்று இருந்தது, இரண்டு சுற்றாகச் சுற்ற வேண்டியிருந்தது. காலைப் பிடித்துக்கொண்டவர் தங்கச்சி வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக், வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். நகத்திலெல்லாம் கிரீஸ். வேறு நாளாக இருந்தால் மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

ஞானஸ்நானம் கொடுக்க வரவேண்டிய போதகர் இன்னும் டிராபிக்கில்தான் இருந்தார். காத்திருக்க நேரமில்லை. தங்கச்சி என் காதில் பெயரைச் சொன்னாள். நான் விரலால் தண்ணீர் தொட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று முறை பிள்ளையின் நெற்றியில் விட்டேன். மூன்றாவது சொட்டுக்குப் புருவத்தைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கினாள்.

“அய்யோ அக்கா, உன் சாயல்!” அழுதுகொண்டே சிரித்தாள் தங்கச்சி. “மூக்குக்கு மேல கோபம் பாரேன்!”

என்னால் அடக்க முடியவில்லை. வார்டே பார்க்க ஓவென்று அழுதேன்.

ஐம்பத்திரண்டு நிமிஷம் இருந்தாள். பதிவேட்டில் அவள் எண்ணை, எடையை, நேரத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். பிறகு சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தேன்.

“இனி எல்லாப் பிள்ளைக்கும் பட்டை கட்டணும்,” என்றேன்.

நர்ஸ் தயங்கினாள். “செத்துப் பொறந்தா, மேடம்?”

“அதுக்கும் ஒரு அம்மா இருக்காளா இல்லையா? கட்டு.”