எல்லோரும் திருப்பிச் சொல்லுங்கள்

1

இந்தக் கதையில் என் கற்பனை இல்லாதது ஒரே ஒரு பேச்சு. அதைச் சொன்னவர் ரத்னாபாய்.

போன வருஷம், எண்பத்து மூன்றில், ஆபீஸ் குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துப் பொன்முடிக்குப் போனோம். வழியில் கல்லாற்றில் டீக்காக நிறுத்தினார்கள். ரத்னாபாய் எங்கள் ஆபீஸ் ஃபிட்டர் ஒருவரின் மனைவி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஆற்றுத் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டபடி என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பாறையில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தேன்.

"பிரான்சுக்குப் போறதுக்கு முன்ன எங்களுக்கெல்லாம் ஒரு கிளாஸ் வச்சாவ. எழுவத்தஞ்சுல. அதுல சூடாமணின்னு ஒரு பிள்ளை. ஒரு நாள் எந்திச்சு நின்னு, வயிறு வலிக்குன்னு பிரெஞ்சுல சொல்லிச்சு. நாங்க எல்லாரும் சேந்து அதைத் திருப்பிச் சொன்னோம், பாத்துக்கிடுங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். ரத்னாபாய் சேலையைப் பிழிந்துவிட்டு எழுந்துவிட்டார். மலை ஏறும்போது அத்தனை வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது தூங்கிவிட்டார்.

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா? அதுதான் எனக்கு நினைவில்லை. சிரித்திருந்தால் நல்லபடியாக முடிந்த சமாச்சாரம். சிரிக்கவில்லை என்றால்

(இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கிவிட்டேன். இப்படியே கிடக்கட்டும்.)

நான் அந்த ஆபீசில் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. சூடாமணியை நான் பார்த்ததில்லை. ரத்னாபாய் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்கவில்லை. எனக்குப் பயம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் இருபது பேர் ஒரே குரலில்..." (வேண்டாம். பூசை தொடங்குமுன் பிரசாதம் கொடுத்தது போல் ஆகிவிடும்.)

"சூடாமணிக்கு நான்கு மொழிகளில் மௌனமாக இருக்கத் தெரியும்." (கேட்க அழகாக இருக்கிறது. பொய். அவள் வீட்டில் நன்றாக வாயாடுவாள். அடித்துவிட்டேன்.)

நேரடியாகவே சொல்கிறேன். சூடாமணிக்கு இருபத்து மூன்று வயது. வலியசாலை அக்கிரகாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் சேஷன் எஞ்சினியர். ஆபீஸ் அவனை இரண்டு வருஷம் பிரான்சுக்கு அனுப்புகிறது. மனைவியையும் அழைத்துப் போகலாம். போகிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் லாட்ஜ் மாடிக்கு வந்து பாஷை படிக்க வேண்டும். ஆண்கள் முன் வரிசைகளில், பெண்கள் பின்னால். சூடாமணிக்குப் பக்கத்து இடம் ரத்னாபாயுடையது.

சொல்லிக்கொடுத்தவர் மய்யழியிலிருந்து வந்த ஒரு மேடம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அதனால் அவருக்கு அது வீட்டுப் பாஷை மாதிரி. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷே தடுமாற்றம் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே நடத்தினார். முதலில் ஒருவர் எழுந்து வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், பிறகு பிரெஞ்சில். சரியாக இருந்தால் மேடம், "த்ரே பியான்" என்பார். மிக நன்று என்று பொருள். பிறகு கையை உயர்த்தி, "ரெபெத்தே" என்பார். உடனே எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழோ மலையாளமோ வாயில் வந்துவிட்டால் எழுந்து நின்று பிரெஞ்சுக் கிழமைகளை ஒப்பிக்க வேண்டும்.

சூடாமணி படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். ஆகவே ஒரு பிரெஞ்சுச் சொல் இங்கிலீஷுக்கு வந்து, மலையாளத்தில் இளைப்பாறி, தமிழில் அவளுக்குப் புரிவதற்குள் மேடம் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். ரொட்டி, பால், குடை, ரயில். "என் அத்தையின் குடை சிவப்பு." அத்தையே இல்லாதவர்கள்கூட அதைச் சொன்னார்கள். வகுப்பில் சொல்வது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. பிழையில்லாமல் இருந்தால் போதும்.

(கதைக்கும் அதே சட்டம்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.)

3

இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு. சூடாமணி உண்டாகியிருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்று தங்காமல் போயிற்று. அப்போது வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா சூடாமணியைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது மாமியார் சரஸ்வதியம்மாள்: "ஒண்ணுமில்லை டாக்டர், உஷ்ணமாக்கும்." பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு திரும்பினார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமியார் கெட்டவர் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கே நடுக்கம். பிரான்ஸ் பேச்சு வந்த அன்றே சொல்லிவிட்டார்: "இவ உண்டாயிட்டா அனுப்பற பிரச்னமே இல்லை, கேட்டியாடா சேஷு? போன தடவை பட்டது போறும். பெத்துப் பொழைச்சு எழுந்திருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் இரண்டு வருஷம் கழிந்துவிடும். இரண்டு வருஷம் சேஷன் இல்லாமல் அந்த வீட்டில், அந்தக் கூடத்தில், மறுபடியும் எல்லாவற்றுக்கும் மாமியார் பதில் சொல்ல.

ஆனால் எப்படி மறைப்பது? அந்த வீட்டுப் பெண்கள் மாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு. ஒரு மாதம் உட்காராமல் போனால் விஷயம் தெருக்கோடி வரை போய்விடும். ஆகவே சூடாமணி உட்கார்ந்தாள். ஒன்றும் வராமலேயே, இரண்டு மாதம், நாள் தவறாமல் பாயை விரித்து உட்கார்ந்தாள். இல்லாத தீட்டைச் சொன்னதற்கு எந்தச் சாமி என்ன செய்யுமோ என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், வேலை கிடையாது, யாரும் கிட்ட வரமாட்டார்கள். பிரெஞ்சு படிக்க அதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

"என்னடி அங்கே முணுமுணுப்பு?" என்று மாமியார் அடுக்களையிலிருந்து கேட்பார்.

"ரொட்டி வாங்கறதுக்குப் படிச்சிண்டிருக்கேன் அம்மா."

"நம்மாத்துல யாரு ரொட்டி திங்கறா?"

"அங்கே அரிசி கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா நீ போகவே வேண்டாம்."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பயம்.

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பெண்ணின் பின்கட்டு அறைக்குள் எட்டிப் பார்க்க நான் யார்? ஆனால் வலியசாலையில் ஒருத்தி அதை வேறு எப்படி மறைத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.)

4

சேஷன் எனக்குத் தொல்லை கொடுக்கிறான்.

முதலில் அவனைக் கடுகடுப்பானவனாக எழுதினேன். கதை சுலபமாக ஓடியது. மறுநாள் படித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைகிறவன். பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைக்கும்வரை தவிப்பவன். வகுப்பில் அவள் ஒரு சொல் சரியாகச் சொன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஒரே ஒரு வழக்கம்தான். சூடாமணிக்குக் காப்பியா டீயா என்று யாராவது கேட்டால், "காப்பிதான்" என்பது அவன் குரலாக இருக்கும்.

அவனிடம் ஏன் சொல்லவில்லை? சேஷன் அம்மாவிடம் சொல்லாமல் தும்மினவன் இல்லை. விமானம் ஏறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

5

அன்றைய பாடம் உடம்பு. மேடம் ஒரு மனிதப் படத்தை ஆணியில் மாட்டியிருந்தார்.

(நான் அவளைக் காய்கறிப் பாடத்தன்று வகுப்புக்கு வரவழைத்திருக்கலாம். தேதியை முடிவு செய்தது நான்தான்.)

மத்தியானமே வலி இலேசாகத் தொடங்கியிருந்தது. மாடிப்படி ஏறும்போது இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. போன தடவையும் இதே இடம், இதே மாதிரி. சூடாமணி பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். வலிக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தால், என்ன, எது, எத்தனை நாள் என்று கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. இது போய்விட்டால், போனது என்றுகூட யாருக்கும் தெரியாது. இரண்டு மாதமும் ஒழுங்காக உட்கார்ந்தவள்தானே.

முன் வரிசையில் ஒருவர் எழுந்து தலைவலி என்றார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். இன்னொருவர் பல்வலி என்றார். அறையில் ஒருவருக்கும் பல்வலி இல்லை. மேடம் விரலை நீட்டினார். "மதாம் சேஷன்."

சூடாமணி எழுந்தாள். தமிழில் என்றால், இத்தனை ஆண்கள் நடுவே, கணவன் இருக்கும் இடத்தில், அவளுக்கு வாயே எழும்பியிருக்காது. பிரெஞ்சுச் சொற்களுக்கு அவள் வாயில் இன்னும் மானம் முளைத்திருக்கவில்லை. அவற்றை எடுத்துப் போட்டாள். முதலில் இங்கிலீஷ்.

"ஐ ஹேவ் பெய்ன் இன் தி ஸ்டமக்."

பிறகு பிரெஞ்சு. "ஜே மால் ஓ வாந்த்ர்."

"த்ரே பியான்," என்றார் மேடம். "ரெபெத்தே."

ஜே மால் ஓ வாந்த்ர், என்றது வகுப்பு. ரத்னாபாயும் சொன்னார். சேஷன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

சூடாமணி உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது. "மேடம்," என்றாள். "இட் இஸ் ட்ரூ."

"வெரி குட்," என்றார் மேடம். "அண்ட் இன் பிரெஞ்ச்?"

அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. "செ வ்ரே."

மேடம் கையை உயர்த்தினார். இது உண்மை, என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

6

இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. ரத்னாபாய் பக்கத்தில் பார்க்கிறார். பெஞ்சைப் பற்றிய கையைச் சூடாமணி இன்னும் எடுக்கவில்லை. உடனே தமிழில், "மேடம், இது பாடம் இல்ல. இந்தப் பிள்ளைக்கு நெசமாட்டு வலிக்கு," என்கிறார். மேடம் கிழமைகளை ஒப்பிக்கச் சொல்ல வாய் திறந்து, நிறுத்திக்கொள்கிறார். கீழே ஆட்டோ வருகிறது. (எனக்கு இதுதான் வேண்டும். ஆனால் "நாங்க எல்லாரும் சேந்து" என்று ரத்னாபாய் சொன்னாரே.)

ஆ. சூடாமணி உட்காருகிறாள். வகுப்பு முடிகிறது. வீட்டுக்குப் போய்ப் பின்கட்டு அறையில் பாயை விரிக்கிறாள். மாமியார் தள்ளி நின்று, "இந்த மாசம் சீக்கிரமே ஆயிடுத்தே," என்கிறார். தனித் தட்டில் சோறு வருகிறது. (இதை எழுதிவிட்டு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

இ. ஒன்றுமில்லை. மத்தியானம் தின்ற பலாப்பழம் செய்த வேலை. மூன்று வாரத்தில் விமானம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்க, எல்லாவற்றுக்கும் சூடாமணியே பதில் சொல்கிறாள். சேஷன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். (இதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும்

7

நேற்று இதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு," என்றாள். "அந்த ரொட்டிப் பேச்சு ரொம்ப நல்லாருக்கு. 'உட்கார்ந்த இடத்திலேயே'ங்கறதை ரெண்டு தடவை படிச்சீங்க, பாத்துக்குங்க."

அவளும் மேடம் மாதிரியே சொல்லிவிட்டாள். குற்றம் அவளுடையதில்லை. கதை என்று சொல்லித்தானே படித்தேன்?

ரத்னாபாய் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியும் வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. கேட்டால் ஒரு பதில் வரும், அது ஆ-வாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. ரத்னாபாயை அந்த ஒரு நாள் மட்டும் வகுப்புக்கு வராதவராக ஆக்கிவிடுகிறேன். சூடாமணிக்குப் பக்கத்து இடம் காலி. அங்கே நீங்கள் உட்காருங்கள். கதை நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் சொல்லலாம். சற்று முன் அந்தப் பிரெஞ்சு வாக்கியத்தை நீங்களும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள் என்பதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் சொன்னார்கள்.

மேடம் மறுபடி கையை உயர்த்துகிறார். சேஷன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

சூடாமணி இன்னும் உட்காரவில்லை.